காலம் தள்ளுறது: மக சொல்லிக்குடுத்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் தாது வருஷப் பஞ்சமும்



மக்காச்சோளத்துக்கு ரெண்டாவது களை எடுத்து முடிச்சாச்சு. மேலுரமும் வச்சாச்சு. இனிமே மழைதான் பாத்துக்கணும். அதனால ரெண்டு மூணு நாளா சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்திருக்கேன். சின்ன மக பேங்க் பரீட்சைக்குப் படிக்குது. தினமும் பத்து இங்கிலீஷ் வார்த்தைய நோட்டுல எழுதி, சத்தமா சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணும். நான் பத்தாவதோட நிறுத்துனவன். இருந்தாலும் பக்கத்துல உக்காந்து காது குடுத்துக் கேப்பேன். ஒண்ணு ரெண்டு மனசுல நிக்கும், மத்தது கொசு மாதிரி பறந்துடும்.

நேத்து ராத்திரி, "அப்பா, டைடு ஓவர்னா என்ன தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. டைடுன்னா கடல் அலை, ஓவர்னா மேல. அலை மேல வர்றதான்னு கேட்டேன். சிரிச்சுச்சு. "இல்லப்பா, கஷ்டமான காலத்தைச் சமாளிச்சுத் தாண்டுறது. உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் எழுதியிருக்கேன், கேளுங்க. விவசாயி வறட்சிய டைடு ஓவர் பண்ணக் கடன் உதவுச்சு."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அந்த வாக்கியத்துல வர்ற விவசாயி நானாத்தான் இருக்கணும். ஆனா கடன் வாங்கி நான் எந்த வறட்சியத் தாண்டுனேன்? 2017ல மாட்டை வித்தவன் நான். "பாப்பா, வாக்கியத்துல ஏதோ குறையுது"ன்னேன். என்ன குறையுதுன்னு அப்போ சொல்லத் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சேன். அதைத்தான் இன்னைக்கு எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு மகளை விட்டே தேடச் சொன்னேன். பழைய இங்கிலீஷ்ல டைடுன்னா காலம், நேரம்னுதான் அர்த்தமாம். கடல் தண்ணி ஏறுறதும் இறங்குறதும் நேரம் தப்பாம நடக்குறதால, பின்னாடி அதுக்கும் அந்தப் பேரே வந்துடுச்சு. நம்ம ஊருல "எப்படிய்யா இருக்க?"ன்னு கேட்டா "ஏதோ காலம் தள்ளுறேன்"னு சொல்லுவோம்ல? கிட்டத்தட்ட அதேதான். எங்கேயோ இருக்குற இங்கிலாந்துக்காரனும் காலத்தைத்தான் தள்ளியிருக்கான்.

இன்னொண்ணும் கெடச்சுச்சு. 1627ல ஜான் ஸ்மித்ங்கிற கப்பல்காரர், மாலுமிகள் பேசுற சொல்லுக்கெல்லாம் விளக்கம் சொல்லி ஒரு புத்தகம் போட்டிருக்கார். அமெரிக்காவுல வர்ஜீனியாவுல குடியேறப் போனாரே, அதே ஆளுதான். டைடு ஓவருக்கு அவர் சொல்ற அர்த்தம் இதுதான்: தண்ணி நமக்குச் சாதகமா ஓடும்போது அதோட போகணும், எதிரா ஓடும்போது நங்கூரத்தைப் போட்டு, அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் அதே இடத்துல நிக்கணும்.

நங்கூரம். இந்த ஒரு சொல்லுலதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. கஷ்ட காலத்துல சும்மா காத்துக்கிட்டு மட்டும் இருந்தா பத்தாது. காத்துக்கிட்டு இருக்கும்போது தண்ணி நம்மளை அடிச்சுக்கிட்டுப் போயிடக் கூடாது. நங்கூரம் இல்லாத படகு, அடுத்த தண்ணி வரும்போது அந்த இடத்துலயே இருக்காது.

கடலுக்கும் பெரம்பலூருக்கும் என்னய்யா சம்பந்தம்னு பட்டணத்துல இருக்குறவங்க கேக்கலாம். இன்னைக்குக் கடலைப் பாக்கணும்னா நாங்க கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போகணும். ஆனா பல கோடி வருஷத்துக்கு முன்னால எங்க நிலமே கடலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. காரை பக்கம் செம்மண் ஓடையில நடந்தா, சுருட்டி வச்ச ஆட்டுக் கொம்பு மாதிரி அம்மோனைட்டு கல்லாக் கெடக்கும். சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாப் போயிக் கெடக்கு. சுமார் 12 கோடி வருஷத்து மரம்னு சொல்றாங்க. 1940ல கிருஷ்ணன்ங்கிற புவியியல் அறிஞர் அதைப் பத்தி எழுதினதுக்கு அப்புறம்தான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சுச்சு. அரியலூர்ல சிமெண்ட் ஆலை இத்தனை இருக்குன்னா, அந்தக் காலத்துக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக் கல்லுதான் காரணம். ஆகக் கடல் எங்களை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. எங்களுக்கு ஏறி இறங்குற தண்ணின்னா வானத்துத் தண்ணி ஒண்ணுதான். ஐப்பசி கார்த்திகையில வந்தா உண்டு, இல்லன்னா அடுத்த வருஷம்.

சரி, பஞ்சத்துக்கு வர்றேன்.

எங்க அப்பாயி எதையாவது வீணாக்குனாப் போதும், "தாது வருஷத்துல பொறந்திருந்தாத் தெரியும்"னு திட்டும். அது அந்தப் பஞ்சத்தைப் பாத்ததில்ல. அது மாமியாரு சொல்லிக் கேட்டது. சின்னப் பயலா இருந்தப்ப தாதுங்கிறது ஒரு ஊரு பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது தமிழ் வருஷத்தோட பேரு, 1876 சித்திரையில பொறந்த வருஷம். அதுக்கு அடுத்தது ஈஸ்வர வருஷம். இந்த ரெண்டு வருஷமும்தான் சென்னை மாகாணத்தைப் புரட்டிப் போட்ட பெரும் பஞ்சம்.

1876ல வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 1877ல தென்மேற்கும் கைவிட்டுச்சு. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் பக்கம் ரொம்பக் கொடுமை. அப்போ நம்ம பெரம்பலூரும் உடையார்பாளையமும் திருச்சி ஜில்லாவுல ரெண்டு தாலுகா. காவிரித் தண்ணி பாயுற ஊரு ஒரு மாதிரி தப்பிக்கலாம். ஆனா நம்ம பக்கம் மானாவாரிக் கரிசலும் ஏரிப் பாசனமும்தான். வானம் பாக்கலைன்னா ஏரியும் இல்ல, கரிசலும் இல்ல.

அப்போ சென்னைக்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. இந்தியாவுக்கு வைஸ்ராய் லிட்டன் பிரபு. பஞ்சம் தொடங்கினதும் சென்னை அரசு தானியத்தை வாங்கிக் கையிருப்பு வைக்கப் பாத்துச்சு. வைஸ்ராய்க்கு அது பிடிக்கல. தானிய வியாபாரத்துல அரசு கை வைக்கக் கூடாது, வெலையச் சந்தை பாத்துக்கும்ங்கிறது அவங்க கொள்கை. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியை இந்தியாவோட பேரரசின்னு அறிவிச்சாங்க. தெக்க அதே நேரத்துல ஜனங்க கூட்டங்கூட்டமா ஊரை விட்டுப் போய்க்கிட்டிருந்தாங்க. பஞ்சம் நடந்துக்கிட்டிருந்தப்பவே இந்தியாவுல இருந்து கோதுமை கப்பலேறி வெளிநாட்டுக்கும் போய்க்கிட்டிருந்துச்சு.

நிலவரத்தைப் பாக்க ரிச்சர்டு டெம்பிள்னு ஒரு அதிகாரியை அனுப்பி வச்சாங்க. செலவு மிஞ்சிப் போகுது, சிக்கனம் பண்ணணும்ங்கிறது அவருக்கு இட்ட வேலை. நிவாரண வேலையில மண்ணு சுமக்குற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு தானியம்னு இருந்ததை ஒரு பவுண்டாக் குறைச்சுட்டார். நம்ம கணக்குல 450 கிராம், கூட ஒரு அணா கையில. பகல் பூரா மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு 450 கிராம் எந்த மூலைக்கு? ஒரு வேளைக் களிக்கே எங்க ஊரு ஆளு அதுக்கு மேல சாப்பிடுவான். மாகாணத்துச் சுகாதார ஆணையரா இருந்த கார்னிஷ்ங்கிற டாக்டர் இதை விடாம எதிர்த்தார். அந்தக் கூலியில வேலை செஞ்சா ஆளு தேஞ்சு செத்துப்போவான்னு கணக்குப் போட்டுக் காட்டுனார். சில மாசம் கழிச்சுத்தான் கூலியக் கூட்டினாங்க. சென்னையில பக்கிங்ஹாம் கால்வாய் இருக்குல்ல, அதுல அடையாத்தையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு இப்படிப் பஞ்ச வேலையா வெட்டுனதுதான். அந்தப் பக்கம் தினமும் பறக்கும் ரயில்ல போறவங்க இனிமே கீழ ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில மட்டும் செத்தவங்க 55 லட்சம்னு ஒரு மதிப்பீடு. அதுக்கு மேல சொல்றவங்களும் உண்டு. பட்டினியில போனவங்களை விடக் காலராவுலயும் காய்ச்சல்லயும் போனவங்களும் கொறைச்சல் இல்ல.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேதான் வருது. 1877 செப்டம்பர், அக்டோபர்ல மழை வந்துடுச்சு. நல்ல மழை. பஞ்சம் முடிஞ்சுச்சுன்னுதான நெனப்பீங்க? முடியல. மழை பெஞ்சு மண்ணு நனைஞ்சு கெடக்கு, உழ மாடு இல்ல. தீவனம் இல்லாம மாடெல்லாம் செத்துப் போச்சு, இல்லன்னா கெடச்ச காசுக்கு வித்தாச்சு. விதை இல்ல. அதை வேகவச்சுக் குடிச்சு பல மாசமாச்சு. வீட்டுக்குக் கூரை இல்ல. கூரையில இருந்த வைக்கோலையும் புல்லையும் பிடுங்கித்தான் கடைசியா மாட்டுக்குப் போட்டாங்க. உழைக்கிற ஆளும் பாதிப் பேரு இல்ல. இருக்குறவனுக்கும் மழையோட சேந்து காய்ச்சல். அடுத்த தண்ணி வந்துடுச்சு, படகுதான் இல்ல.

இதை அப்பவே புரிஞ்சுக்கிட்ட ஒரு ஆளு இருந்தார். வில்லியம் டிக்பின்னு ஒரு பத்திரிகைக்காரர், சென்னையில பத்திரிகை ஆசிரியரா இருந்தவர். 1877 ஆகஸ்ட்ல லண்டன் மேயர் மாளிகையில இந்தப் பஞ்சத்துக்குன்னு ஒரு நிதி திரட்ட ஆரம்பிச்சாங்க. ஏழெட்டு லட்சம் பவுன் வரைக்கும் சேந்துச்சு. சென்னையில அந்தப் பணத்தைப் பிரிச்சுக் குடுத்த கமிட்டிக்கு டிக்பிதான் செயலாளர். உயிரைக் காப்பாத்துறது அரசாங்கத்தோட வேலை, அதை அது செய்யட்டும். நாம அனாதைப் பிள்ளைங்களையும், வெளிய வந்து கைநீட்ட முடியாதவங்களையும் பாப்போம். முக்கியமா, குடியானவனுக்கு மாடும் விதையும் வாங்கிக் குடுத்து, கூரை போட்டுக் குடுத்து மறுபடி நிலத்துல நிக்க வைப்போம். இப்படித்தான் அந்தக் கமிட்டி முடிவு பண்ணுச்சு. பின்னால டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பத்தி ரெண்டு தொகுதியில ஒரு பெரிய புத்தகமும் எழுதி வச்சார்.

கஞ்சித்தொட்டி உயிரைக் காப்பாத்தும். அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா கஞ்சி குடிச்சுப் பொழைச்சவன் மறுபடி குடியானவனா நிக்கணும்னா மாடும் விதையும் வேணும். இல்லன்னா அவன் கங்காணி பின்னாடி போக வேண்டியதுதான். அப்படித்தான் போனாங்க. திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைச் சீமையில இருந்து இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு அந்த வருஷங்கள்ல ஜனம் சாரை சாரையாப் போச்சு. போனவங்க வாரிசு இன்னைக்கு மலையகத்துல தேயிலை பறிக்குது. அவங்களும் உயிர் பொழைச்சவங்கதான். ஆனா நிலம் போச்சு, ஊரு போச்சு. இதைப் போய்ப் பஞ்சத்தைத் தாண்டுனதா எப்படிச் சொல்றது?

அப்பாயி வீட்டுல ரெண்டு குதிரு இருந்துச்சு. ஒண்ணு திங்கிறதுக்கு. இன்னொண்ணு சின்னது, வாயில சாணி பூசி அடைச்சிருக்கும். அதுல வரகு. அதைத் தொட்டா அப்பாயி கையில கெடச்சதால அடிக்கும். வரகை ஏன் வச்சாங்கன்னு பட்டணத்துல இருக்குறவங்களுக்குச் சொல்றேன். வரகுக்குத் தோலு அடுக்கடுக்கா இருக்கும். உரலுல போட்டுக் குத்துறதுக்குள்ள பொம்பளைங்க இடுப்பு ஒடிஞ்சுடும். ஆனா அந்தத் தோலுதான் அதுக்குக் கவசம். நல்லாக் காய வச்சு அடைச்சு வச்சா வருஷக் கணக்குல பூச்சி அண்டாது. கோயில் கலசத்துக்குள்ள வரகைப் போட்டு வைக்கிறதும் அதனாலதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஊரே அழிஞ்சாலும் கோபுரத்துல விதை இருக்கும். ஒண்ணு மட்டும் கவனம். அறுப்புல மழையில நனைஞ்ச வரகுல பூஞ்சணம் பிடிச்சா சாப்பிட்டவனுக்குத் தலை கிறுகிறுக்கும். கிறுக்கு வரகுன்னு அதை ஒதுக்கிடுவாங்க. எங்க ஜில்லாவுல வரகுப்பாடின்னே ஒரு ஊரு இருக்கு. ஒரு காலத்துல இந்தச் சீமை பூரா வரகு எவ்வளவு விளைஞ்சிருக்கும்னு அதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம். இப்போ அந்த இடத்துல மக்காச்சோளமும் பருத்தியும் நிக்குது. அதுக்கெல்லாம் விதை பாக்கெட்டுல வருது, குதிருல வராது.

பஞ்சம் முடிஞ்சதும் வெள்ளைக்காரன் சும்மா இருக்கல. 1880ல பஞ்சக் கமிஷன் அறிக்கை குடுத்துச்சு. 1883ல பஞ்சத்துல அதிகாரிங்க என்ன செய்யணும்னு விதி எழுதினாங்க. அதே 1883ல கிணறு வெட்ட, நிலம் திருத்தக் கடன் குடுக்க ஒரு சட்டம். 1884ல விவசாயிகள் கடன் சட்டம். அதுல எதுக்குக் கடன் குடுக்கலாம்னு போட்டிருக்கு தெரியுமா? கஷ்ட நிவாரணத்துக்கு, விதை வாங்க, மாடு வாங்க. தாது வருஷத்துல விட்டது என்னன்னு அவங்களுக்கும் புரிஞ்சிருக்கு பாருங்க. இந்தக் கடனைத்தான் நம்ம பெரியவங்க தக்காவின்னு சொல்லுவாங்க. அந்தச் சொல்லு அரபியில பலம்ங்கிற சொல்லுல இருந்து வந்துச்சாம். பலம் குடுக்குற கடன்னு அர்த்தம். பேரு நல்லாத்தான் வச்சிருக்காங்க.

அப்புறம் நிக்கல்சன்னு ஒரு அதிகாரி. விவசாயி வட்டிக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு அழியுறான், இதுக்கு என்ன வழின்னு ஆராய அரசு அவரை நியமிச்சுச்சு. ஐரோப்பாவுல என்ன செய்யிறாங்கன்னு பாத்துட்டு வந்து 1895லயும் 1897லயும் அறிக்கை குடுத்தார். ஜெர்மனியில ரைபைசன்ங்கிறவர் கிராமத்துக்கு கிராமம் சங்கம் வச்சது மாதிரி இங்கேயும் வைக்கணும்னார். 1904ல கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்துச்சு. அதே வருஷம் இன்னைக்குத் திருவள்ளூர் ஜில்லாவுல இருக்குற திரூர்ல மாகாணத்தோட முதல் சங்கம் பதிவாச்சு. இன்னைக்கு நான் பயிர்க்கடன் வாங்குற சொசைட்டிக்கு இதுதான் பூர்வீகம். நூறு நாள் வேலைக்குப் பூர்வீகம் பஞ்ச காலத்து மண் வேலைன்னா, சொசைட்டிக்குப் பூர்வீகம் நிக்கல்சன் அறிக்கை.

இனி என் கதை. 2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு 62 சதவீதம் கொறைஞ்சு போச்சு. எங்க பருத்தி முழங்கால் உசரத்துலயே கருகிடுச்சு. 2017 ஜனவரி 10ஆம் தேதி அரசு எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்ச மாவட்டம்னு அறிவிச்சுச்சு. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய்னு நிவாரணம். நில வரி தள்ளுபடி. நூறு நாள் வேலைய 150 நாளாக்குனாங்க. கடன் வாங்குனவங்களுக்கு அப்போ ரிசர்வ் வங்கி விதி ஒண்ணு இருந்துச்சு. வெள்ளாமையில மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சுன்னா பயிர்க்கடனை ரெண்டு வருஷத் தவணையா மாத்தலாம். பாதிக்கு மேல போனா அஞ்சு வருஷம் வரைக்கும் நீட்டலாம்னு இருந்துச்சு. இதெல்லாம் 1877ல இல்லாதது. இதைக் கொறை சொன்னா என் வாயி அழுகிப் போகும். 2017ல எங்க ஊருல ஒருத்தர் கூடப் பட்டினியில சாகல. ரேஷன் அரிசி இருந்துச்சு. எங்க பாட்டன் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனா மாட்டுக்கு ரேஷன் கெடையாதே. அந்த மாசியில சோளத்தட்டை வெலை தாறுமாறா ஏறிப் போச்சு. ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு கறவை. ரெண்டுக்கும் சேத்துத் தீவனம் போட முடியல. கறவைய வச்சுக்கிட்டு உழவு மாட்டைப் பங்குனியில சந்தைக்குப் பிடிச்சுட்டுப் போனேன். என்னை மாதிரியே ஊருப்பட்ட பேரு வந்திருந்தான். தரகர் துண்டைப் போட்டுக் கைய மூடி விரலைப் பிடிச்சு வெலை சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வாங்குனதுல பாதி வெலை கூட இல்ல. குடுத்துட்டு வெறும் கயித்தோட வீட்டுக்கு வந்தேன். கயித்தை இன்னும் வச்சிருக்கேன்.

நிவாரணப் பணம் பேங்குக்கு வந்தப்ப மாடு போய் நாளாயிடுச்சு. தப்பு யாருமேல? தெரியல. கணக்கெடுக்கணும், கையெழுத்துப் போகணும், பணம் வரணும். அந்த வருஷம் ஆவணியில நல்ல மழை பெஞ்சுச்சு. மண்ணு பதம் ரெண்டு மூணு நாளுதான் நிக்கும். டிராக்டர் பெரிய நிலத்துக்கு ஓட்டி முடிச்சுட்டுத்தான் என்னோட ரெண்டு ஏக்கருக்கு வரும். வந்தப்ப ஒன்பது நாளாச்சு. பதம் போயிடுச்சு. பக்கத்துக் காட்டுப் பங்காளி கொள்ளிடக்கரையில இருக்குற மாமனார் வீட்டுக்கு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய், வைக்கோல் இருக்குற ஊருல நாலு மாசம் கட்டி வச்சு மறுபடி ஓட்டிக்கிட்டு வந்தார். அவரு மூணாம் நாளே விதைச்சுட்டார். அறுப்புல ரெண்டு காட்டுக்கும் வித்தியாசம் கண்ணுல தெரிஞ்சுச்சு. எனக்குக் கஞ்சித்தொட்டி கெடச்சுச்சு. அவருகிட்ட நங்கூரம் இருந்துச்சு.

நான் திருந்துனேனான்னு கேட்டா, முழுசா இல்ல. 2019 கடைசியில சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போச்சு. எங்க வீட்டுப் பட்டறையில விதைக்காய் கெடந்துச்சு. பட்டறைன்னா, அடியில கல்லு வச்சு மேல தட்டி கட்டி, காத்தோட்டமா வெங்காயம் அடுக்குற சின்னக் குடிசை மாதிரி. எங்க பக்கம் காட்டுக்குக் காடு பாக்கலாம். சின்ன வெங்காயத்துக்கு விதையும் அந்தக் காய்தான். வெலையப் பாத்ததும் எனக்குக் கை நமநமன்னுச்சு. "வித்துட்டு அப்புறமா விதைக்காய் வாங்கிக்கலாம்"னேன். வீட்டம்மா பட்டறை வாசல்ல நின்னுக்கிட்டு, "அப்புறமா எந்த வெலைக்கு வாங்குவீங்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டுச்சு. அதுக்கு மேல நான் பேசல. அப்பாயி சாணி பூசி மூடுன குதிரு ஞாபகம் வந்துச்சு. மாமியாருகிட்ட இருந்து மருமகளுக்கு இப்படி ஒரு பாடம் ரெண்டு மூணு தலைமுறையா வந்துக்கிட்டே இருக்கு. எந்தப் பஞ்சக் கமிஷனும் இவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கல.

அதனால உறவுகளே, அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு நான் புரிஞ்சுக்கிட்ட அர்த்தம் இதுதான். கஷ்ட காலம் முடிஞ்ச அன்னைக்கு ஆளு உயிரோட இருந்தா மட்டும் அது தாண்டுனதாகாது. மழை வந்த அன்னைக்கு அவன்கிட்ட விதை இருக்கணும், உழ வழி இருக்கணும், நிலம் அவன் பேருல இருக்கணும். கடனோ நிவாரணமோ, அது விதைய விக்கிறதுக்கு முன்னால, மாட்டை விக்கிறதுக்கு முன்னால வந்தாத்தான் தக்காவி, பலம் குடுக்குற பணம். பின்னால வந்தா அது ஆறுதல் பணம். ஆறுதலும் வேணுந்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல.

பட்டணத்துல பேப்பர் படிக்கிறவங்க, வறட்சி நிவாரணம் இத்தனை கோடின்னு தலைப்பு வரும்போது தொகைய மட்டும் பாக்காதீங்க. தேதியப் பாருங்க. அது மாட்டுச் சந்தைக்கு முன்னாலயா, பின்னாலயான்னு யோசிங்க. தீவனம் ஏதாவது குடுத்தாங்களான்னு தேடிப் பாருங்க. உங்க பாட்டன் பூட்டன் எந்த வருஷம் ஊரை விட்டு வந்தாங்க, வரும்போது எதை வித்துட்டு வந்தாங்கன்னு வீட்டுல வயசானவங்க இருந்தாக் கேட்டு வைங்க. அவங்க போயிட்டா அந்தக் கதையும் போயிடும்.

காலையில மககிட்ட இதெல்லாம் சொன்னேன். பரீட்சைக்கு இவ்வளவு எழுத முடியாதுப்பான்னுச்சு. ஆனா நோட்டுல அந்த வாக்கியத்தை அடிச்சுட்டு வேற எழுதி வச்சிருக்கு. எனக்குப் படிச்சு அர்த்தமும் சொல்லுச்சு: மாட்டை விக்கிறதுக்கு முன்னாலயே கடன் வந்துச்சு, அதனால விவசாயி வறட்சியத் தாண்டுனார்.

பரீட்சையில இதுக்கு மார்க்கு போடுவாங்களான்னு தெரியல. மேற்க கொஞ்சம் மேகம் கூடுது. தட்டையப் போர்ல ஏத்தணும். கெளம்புறேன்.